ஆற்றோர மனைக்கு என்ன பதில் சொல்வது? மறுப்பு, நிபந்தனை, கரை, மாற்று இடம்

ஆற்றோரக் கட்டட விண்ணப்பத்தோடு வரும் வரைபடங்களில் ஆறு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். தாளின் ஓரத்தில் ஒரு நீலக் கோடு. அதற்கு இந்தப் பக்கம் நாலு மரம், ஒரு நடைபாதை, இரண்டு பெஞ்சு, அப்புறம் கட்டடம். அந்தப் பக்கம் தாளே முடிந்துவிடும். எதிர்க்கரையில் யார் குடியிருக்கிறார்கள், மேலே எங்கிருந்து தண்ணீர் வருகிறது, கீழே எந்தப் பாலத்தில் முட்டும் என்பதெல்லாம் தாளுக்கு வெளியே. கட்டட அனுமதிக் கூட்டங்களில் இப்படிப்பட்ட தாள்களை வருடக்கணக்கில் பார்த்தாயிற்று. பின்னால் வருத்தப்பட வைத்த முடிவுகளில் பாதிக்கு மேல், தாளில் இருந்ததை மட்டும் பார்த்து எடுத்தவை.

முடிவெடுக்க உட்காருபவருக்கு உண்மையில் நான்கு வழிகள்தான் உண்டு. முடியாது என்று சொல்லலாம். நிபந்தனை போட்டு விடலாம். முதலில் கரையைக் கட்டி, அதற்குப் பின்னால் கட்டச் சொல்லலாம். இங்கே வேண்டாம், வேறு இடம் தருகிறோம் என்று பேசலாம். நான்கும் உலகத்தில் எங்காவது நன்றாக நடந்திருக்கின்றன. நான்கிலும் எங்காவது கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். எந்த வழி நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்த மனையில் தண்ணீர் ஓடுமா, நிற்குமா என்று கேட்டால் கிடைக்கும்.

ஓடும் தண்ணீர், நிற்கும் தண்ணீர்

வெள்ளம் வரும்போது ஆற்றோர நிலம் முழுக்க ஒரே மாதிரி நனைவதில்லை. ஆற்றை ஒட்டிய ஒரு பட்டையில் தண்ணீர் வேகமாக ஓடும். அதுதான் வெள்ளத்தின் பாதை. அதற்கு வெளியே உள்ள படுகையில் தண்ணீர் மெதுவாக ஏறி, சில மணி நேரமோ சில நாளோ தங்கி, வடியும். ஓடும் இடத்தில் சுவர் வைத்தால் தண்ணீர் முட்டி மேல்புறத்தில் மட்டம் உயரும். தங்கும் இடத்தில் மண்ணைக் கொட்டினால் அங்கே தங்கவிருந்த தண்ணீர் கீழ்புறத்துக்குப் போகும். இரண்டும் கெடுதல்தான், ஆனால் ஒரே கெடுதல் இல்லை, மருந்தும் ஒன்று இல்லை.

இந்த வேறுபாட்டைச் சுவிட்சர்லாந்தின் ஆபத்து வரைபடங்கள் சாமானியருக்கும் புரியும்படி வண்ணத்தில் காட்டுகின்றன. சிவப்பு என்றால் வீட்டுக்குள் இருந்தாலும் உயிருக்கு ஆபத்து. புதுக் கட்டடம் கிடையாது. நீலம் என்றால் வெளியே நின்றால் ஆபத்து, ஒழுங்காகக் கட்டிய வீட்டுக்குள் இருந்தால் தப்பிக்கலாம். அங்கே நிபந்தனையோடு கட்டலாம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை மட்டும். வெள்ளம் எவ்வளவு அடிக்கடி வரும் என்பதோடு எவ்வளவு மூர்க்கமாக வரும் என்பதையும் சேர்த்து வண்ணம் போடுகிறார்கள். ஆழம் 2 மீட்டரைத் தாண்டினாலோ, ஆழத்தை வேகத்தால் பெருக்கினால் 2-ஐத் தாண்டினாலோ அது உச்ச மூர்க்கம். அதாவது இடுப்பளவு, 1 மீட்டர் ஆழத் தண்ணீர்கூட நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடினால் அந்த வகைக்குள் வந்துவிடும். மனையைப் பார்க்கப் போகிறவர்கள் ஆழத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். வேகத்தைக் கேட்பவர் அபூர்வம்.

இங்கிலாந்தில் கணக்கு வேறு மாதிரி. ஆண்டுக்கு 1 சதவீதமோ அதற்கு மேலோ ஆற்று வெள்ள வாய்ப்பு இருந்தால் மூன்றாம் மண்டலம், 0.1 முதல் 1 வரை இரண்டாம் மண்டலம், அதற்கும் கீழே முதல் மண்டலம். மூன்றாவதற்குள்ளேயே, வெள்ளத்துக்கென்றே விட்டுவைக்கும் நிலத்தைத் தனியாகப் பிரிக்கிறார்கள். அவர்கள் முறையில் எனக்குப் பிடித்தது எண்கள் அல்ல, கேள்விகளின் வரிசை. 'இங்கே எப்படிப் பாதுகாப்பாகக் கட்டலாம்' என்று ஆரம்பிக்கவே கூடாது. 'இதைவிட ஆபத்துக் குறைந்த இடம் வேறு இருக்கிறதா' என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு இல்லை என்று பதில் வந்த பிறகே அடுத்ததுக்குப் போகலாம். நம்மில் பலர் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கிவிடுகிறோம். விண்ணப்பதாரர் அழைத்து வரும் பொறியாளர் அதற்குத்தான் பதில் தயாராக வைத்திருப்பார்.

எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் 'நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவதற்கு இவ்வளவு பயமா' என்பார். நூறாண்டு வெள்ளம் என்ற பெயர் செய்த தீங்கு அது. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். போன வருடம் வந்துவிட்டது, இனி 99 வருடம் நிம்மதி என்று ஆற்றிடம் எழுதி வாங்க முடியாது. 30 வருட வீட்டுக் கடன் அடைத்து முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 26 சதவீதம். நாலு பேரில் ஒருவர்.

வரைபடத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் 2021 ஜூலையில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே வெள்ள வரைபடம் இருந்தது. ஆனால் 1947-க்குப் பிறகான அளவுகோல் பதிவுகளை வைத்துப் போட்டது அது. 1804-லும் 1910-லும் அதே ஆறு ஊரை அடித்துக்கொண்டு போயிருந்தது. அந்த இரண்டும் கணக்கில் சேரவில்லை. கருவி வைத்து அளக்காத வெள்ளம் கணக்கில் வராது என்பது அலுவலக நியாயம். ஊரில் பழைய பாலத்தூணிலோ கோயில் சுவரிலோ யாராவது செதுக்கிவைத்த கோடு இருந்தால், வரைபடத்தோடு அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது.

மறுப்பது

நான்கில் இதுதான் மலிவானது, தெளிவானது. தண்ணீர் ஓடும் பட்டையில் என் கருத்தில் வேறு பதிலே கிடையாது. தூண் மேல் தூக்கிக் கட்டுகிறேன் என்று சொன்னாலும் சரி, தூணில் மரமும் குப்பையும் சிக்கி அதுவே ஓர் அடைப்பாகும்.

சிக்கல், மறுத்த பிறகு ஆரம்பிக்கிறது. நிலத்துக்காரர் நஷ்டஈடு கேட்பார். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒருவரின் இரண்டு கடலோர மனைகளில் கட்டக் கூடாது என்று மாநிலம் தடுத்தது. நிலத்தின் பயனையெல்லாம் பறித்தால் ஈடு கொடுத்தாக வேண்டும் என்று 1992-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசியில் மாநிலமே மனைகளை வாங்க வேண்டி வந்தது. வாங்கியதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை: செலவை ஈடுகட்ட அதே மனைகளைக் கட்டுமானத்துக்கே விற்றுவிட்டார்கள். ஆறாக இருந்தாலும் கடலாக இருந்தாலும், பணம் ஒதுக்காமல் மறுத்தால் கதை இப்படித்தான் போகும்.

இன்னொன்று, காலியாக விட்ட நிலம் காலியாக இருக்காது. முதலில் லாரி நிற்கும், பிறகு கட்டட இடிபாடு கொட்டுவார்கள், பிறகு ஒரு கொட்டகை. பிரேசிலின் கூரிச்சீபா நகரம் இதற்கு ஒரு வழி கண்டது. 1970-களில் ஆற்றோரத் தாழ்நிலங்களைப் பூங்காவாக்கி, வெள்ளம் வந்தால் ஏரி போல நிரம்பட்டும் என்று விட்டுவிட்டார்கள். புல்வெட்டும் செலவுக்குப் பதில் ஆடுகளை மேயவிட்டார்கள். தினமும் நூறு பேர் நடக்கும் இடத்தை ஆக்கிரமிப்பது கஷ்டம். மறுப்பு உத்தரவோடு அந்த நிலத்தை அடுத்த வருடம் என்ன செய்யப்போகிறோம் என்பதும் சேர்ந்து வரவில்லையென்றால், முடிவை ஐந்து வருடம் தள்ளிப்போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

நிபந்தனையோடு அனுமதிப்பது

நடைமுறையில் பத்தில் எட்டு விண்ணப்பம் இங்கேதான் வந்து நிற்கும். எல்லோருக்கும் பிடித்த பதில் இது. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதனாலேயே நான் இதை அதிகமாகச் சந்தேகிக்கிறேன்.

தரை மட்டத்திலிருந்து ஆரம்பிப்போம். 'கட்டடத் தரை சாலை மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும்' என்று வரைபடத்தில் எழுதியிருக்கும். படிக்கும்போது பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் எந்தச் சாலை? மனைக்கு முன்னால் விண்ணப்பதாரரே போடப்போகும் சாலையா, ஆற்றுப்பக்கம் சரிந்து போகும் பழைய மண்பாதையா? வெள்ள மட்டத்தை அளப்பவர்கள் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறார்கள், கட்டுபவர்கள் சாலையிலிருந்து அளக்கிறார்கள். இரண்டு எண்ணும் ஒரே தாளில் சந்திப்பதே இல்லை. ஒருமுறை ஒரு கோப்பில் இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 'உயர்த்தப்பட்ட' அந்தத் தரை, முந்தைய வெள்ளம் தொட்ட மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பொய் சொன்னவர் யாருமில்லை. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

அடுத்தது மண். தரையை உயர்த்த மிக எளிய வழி மண் கொட்டி நிரவுவது. 50 மீட்டருக்கு 20 மீட்டர் மனையை 1.5 மீட்டர் உயர்த்தினால் 1,500 கன மீட்டர், அதாவது 15 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்க இருந்த இடம் போயிற்று. 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் 125 லாரி. ஒரு மனையால் ஆறு ஒன்றும் உயர்ந்துவிடாது என்று பொறியாளர் சொல்வார். உண்மைதான், அரை மில்லிமீட்டர்கூட உயராது. அதே உண்மையை அடுத்த மனைக்காரரின் பொறியாளரும் சொல்வார், அதற்கடுத்தவரும் சொல்வார். ஒவ்வொன்றும் சரியான அறிக்கைதான், சேர்ந்தால் வீட்டுக்குள் தண்ணீர். அமெரிக்க விதி இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. இருபுறமும் எல்லோரும் அனுமதிக்கப்பட்ட எல்லை வரை நெருக்கிக் கட்டினாலும் மொத்தத்தில் வெள்ள மட்டம் ஓர் அடிக்கு மேல் உயரக் கூடாது என்று வைத்துக்கொண்டு, ஓடுபாதையின் எல்லையைக் கோடாகப் போடுகிறார்கள். அந்த ஓர் அடியே அதிகம் என்று இல்லினாய், இண்டியானா மாநிலங்கள் 0.1 அடியாகக் குறைத்திருக்கின்றன. அவர்கள் பக்கம்தான் நானும். விதியில் தாராளமாக விட்ட அந்த ஓர் அடி, ஏற்கனவே குடியிருக்கும் யாரோ ஒருவரின் கூடத்தில் ஏறும் ஓர் அடி.

ஆகவே, கொட்டும் மண்ணுக்கு ஈடாக வேறிடத்தில் தோண்டித் தர வேண்டும் என்று நிபந்தனை போடலாம். போடும்போது ஒரு நுணுக்கம். ஆற்றோரத்தில் ஆழமாக ஒரு குளம் வெட்டிக் காட்டி 'இதோ 1,500 கன மீட்டர்' என்பார்கள். வெள்ளத்தின் உச்சம் வரும் முன்பே, முதல் நாள் தண்ணீரிலேயே அந்தக் குளம் நிரம்பிவிடும். உச்சம் வரும்போது அது இருந்தும் இல்லாததும் ஒன்று. எந்த உயரத்தில் இடம் பறிபோனதோ அதே உயரத்தில் திரும்பத் தர வேண்டும். உத்தரவில் 'அதே மட்டத்தில்' என்ற இரண்டு சொல் விடுபட்டால் நிபந்தனை முழுவதும் வீண்.

மண் கொட்டாமல் தூண் மேல் கட்டுவது தங்கும் தண்ணீருக்கு நல்ல தீர்வு. கீழே தண்ணீர் வரட்டும், போகட்டும். கெடுவது பிறகுதான். ஸ்டில்ட் போட்டு அனுமதி வாங்கிய ஒரு கட்டடத்தைச் சில வருடம் கழித்துப் பார்க்கப் போனேன். தூண்களுக்கு நடுவே ஒரு பக்கம் செங்கல் சுவர் எழும்பி, காவலாளி அறை வந்திருந்தது. இன்னொரு பக்கம் ஷட்டர் போட்ட கடை. நடுவில் மின்சார மீட்டர்களெல்லாம் முழங்கால் உயரத்தில் வரிசையாக மாட்டியிருந்தன. பக்கத்திலேயே லிஃப்ட் குழி. அனுமதித்த வரைபடம் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது, அதில் இதெல்லாம் வெறும் வெளி. காவலாளி அறைக்குள் கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். வெள்ளம் வந்தால் அந்தக் கட்டடத்திலேயே முதலில் தண்ணீர் தொடும் ஆள் அவர். அவர் அங்கே இருப்பதே எந்தக் காகிதத்திலும் இல்லை.

வெளியேறும் வழி இன்னொரு விட்டுப்போகும் விஷயம். வீடு வெள்ள மட்டத்துக்கு மேலே, சாலை வெள்ள மட்டத்துக்குக் கீழே என்றால் அந்த வீடு வெள்ளத்தில் தீவு. வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீரே ஓர் ஆளைத் தள்ளிவிடப் போதும். இரண்டடி இருந்தால் கார்களையே இழுத்துக்கொண்டு போகும். ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று கேட்டுப் பதில் வாங்காமல் குடியிருப்புக்கு அனுமதி தரக் கூடாது.

நிபந்தனை வழி முழுமையாக எப்படி இருக்கும் என்று பார்க்க ஹாம்பர்க்கின் ஹாஃபன்சிட்டியைப் பார்க்கலாம். 1962 புயல் வெள்ளத்தில் அந்த நகரத்தில் 315 பேர் இறந்தார்கள். அப்படியிருந்தும் பிரதான கரைக்கு வெளியே, எல்ப் ஆற்றை ஒட்டி ஒரு முழு நகர்ப்பகுதியைக் கட்டுகிறார்கள். கட்டடங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 8 முதல் 9 மீட்டர் உயரப் பீடங்களில் நிற்கின்றன. பீடத்துக்குள் வண்டி நிறுத்துமிடம், அதற்கு வெள்ளக் கதவு. சாலைகளும் பாலங்களும் உயரத்தில், கீழே உள்ள நடைபாதை மட்டும் நனையலாம். சரி, அங்கே முடிந்ததே என்று கேட்கலாம். அங்கே ஒரே அமைப்பு மொத்த நிலத்தையும் ஒரே திட்டமாக வைத்து, சாலையோடு சேர்த்து உயர்த்தியது. நம் மேசைக்கு வருவது தனித்தனி மனை, தனித்தனி முதலாளி. ஒருவர் வீட்டை உயர்த்தினால் தெருத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

யாருக்காகக் கட்டடம் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்து விதியில் தரைக்குக் கீழ் உள்ள வீடுகள் மிக ஆபத்தான வகை. மூன்றாம் மண்டலத்தில் அவற்றுக்கு இடமில்லை. தீயணைப்பு நிலையம், ஆம்புலன்ஸ் நிலையம்கூட அதே வகைதான்: வெள்ளத்தன்று காப்பாற்ற வர வேண்டியவர்களே மூழ்கிக் கிடந்தால் என்ன செய்வது? படகுத்துறை, விளையாட்டு மைதானம் போன்றவை நனைந்தால் காய்ந்துவிடும். நடுவில் கடைகளும் கிடங்குகளும். முதியோர் இல்லத்துக்கும் மரக்கிடங்குக்கும் ஒரே நிபந்தனைப் பட்டியலை நகலெடுத்து ஒட்டும் உத்தரவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கரை கட்டிவிட்டு அனுமதிப்பது

வெள்ளம் வருமுன் அணை போடு என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஏற்கனவே ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கும் ஊரைக் காக்கக் கரை கட்டுவதைப் பற்றி எனக்கு மறுபேச்சில்லை. காலி நிலத்தில் கட்டடம் எழுப்புவதற்காகக் கரை கட்டுவது வேறு கதை.

அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட் 1940-களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். வெள்ளம் இயற்கை செய்வது, வெள்ள நஷ்டம் பெரும்பாலும் மனிதர் செய்துகொள்வது என்பது அவர் வாதம். கரை எழுந்ததும் பயம் போகும், பயம் போனதும் நில விலை ஏறும், வீடுகள் நிறையும். சின்ன வெள்ளங்களைக் கரை தடுத்துவிடும். கரையைத் தாண்டும் பெரிய வெள்ளம் ஒருநாள் வரும்போது, முன்பு வயல் இருந்த இடத்தில் ஊர் இருக்கும். மிசௌரியின் செஸ்டர்ஃபீல்டில் 1993-ல் கரை உடைந்து பள்ளத்தாக்கு முழுவதும் மூழ்கியது. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? இன்னும் உயரமான கரை கட்டி, அதற்குப் பின்னால் மைல் கணக்கில் நீளும் கடைவீதி எழுப்பினார்கள். அந்த முடிவு சரியா தவறா என்பது அடுத்த கரை உடைப்பு வரை தெரியாது. அதுவரை வரி வருமானம் நன்றாகவே வரும்.

அணையும் இதே மயக்கத்தைத் தரும். பிரிஸ்பேன் நகரம் 1974-ல் மூழ்கியது, 1980-களில் மேலே வைவன்ஹோ அணை வந்தது, இனி வெள்ளமில்லை என்ற நம்பிக்கையும் வந்தது. 2011 ஜனவரியில் நகர அளவுகோலில் தண்ணீர் 4.46 மீட்டர் தொட்டது. 1974-ஐவிட ஒரு மீட்டர் குறைவுதான், அணை உதவியது என்றே சொல்ல வேண்டும். ஆனால் இடைப்பட்ட வருடங்களில் நனையக் காத்திருந்த வீடுகள் பெருகியிருந்தன.

உள்ளாட்சியில் உட்காருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் பிரான்ஸின் லா ஃபோத்-சூர்-மேர். லே ஆறு கடலில் கலக்குமிடத்தில், கரைக்குப் பின்னால் உள்ள தாழ்நிலத்தில், வரிசையாக ஒற்றைத் தள வீடுகளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டே போனார்கள். 2010 பிப்ரவரியில் ஓர் இரவு புயலோடு தண்ணீர் கரையைத் தாண்டியது. ஏறி நிற்க மாடி இல்லை. சில வீடுகளில் மின்சாரத்தில் இயங்கும் ஜன்னல் ஷட்டர்கள், மின்சாரம் போனதும் திறக்கவில்லை. 29 பேர் இறந்தார்கள், பலர் வயதானவர்கள். அன்றைய நகர்மன்றத் தலைவருக்கு 2014-ல் நான்கு வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் 2016-ல் அது இரண்டு வருட நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாகக் குறைந்தது. ஒரு மாடி கட்டாயம் என்று அனுமதியில் ஒரு வரி இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்காமல் அந்தச் செய்தியைப் படிக்க முடியவில்லை.

இன்னொரு கேள்வியையும் கரைத் திட்டம் கொண்டுவருகிறவர்களிடம் கேட்க வேண்டும்: நம் கரையை உயர்த்தினால் எதிர்க்கரைக்கு என்ன ஆகும்? அவர்களும் உயர்த்துவார்கள். பிறகு நாம். நெதர்லாந்துக்காரர்கள் இந்தப் போட்டியில் நூற்றாண்டுகள் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். 1995-ல் ஆறுகள் பெருகி சுமார் 2,50,000 பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. அதன் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றை அகலப்படுத்தினார்கள். நைமேகனில் கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளி, புதிதாக ஒரு கிளை வாய்க்கால் வெட்டினார்கள். அதற்காக சுமார் 50 வீடுகளை எடுக்க வேண்டியிருந்தது. வெள்ள மட்டம் 35 சென்டிமீட்டர் குறைந்தது. கரை கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுகிறோம் என்பதுதான் பேச வேண்டிய எண். உயரம் அதற்குப் பிறகு.

வேறு இடம் கொடுப்பது

ஆற்றைப் பொறுத்தவரை இதுதான் சிறந்த பதில். மனிதர்களைப் பொறுத்தவரை இதுதான் கடினமானது. காலி மனைக்காரருக்குச் செய்வது எளிது: இங்கே இவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்று இருக்கும் உரிமையை மேட்டுப்பகுதியில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மாற்றித் தரலாம். மேட்டில் அந்த உரிமைக்குக் கிராக்கி இருக்க வேண்டும். அங்கே ஏற்கனவே எல்லோருக்கும் தாராளமாகத் தளப்பரப்பு கொடுத்திருந்தால் யார் வாங்குவார்கள்? ஒரு கையால் உரிமை கொடுத்து மறு கையால் அதன் மதிப்பைக் கெடுப்பது நடக்கும் விஷயம்தான்.

குடியிருப்பவர்களை மாற்றுவதில் எல்லாம் நேரத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரான்தமில் 2011 ஜனவரி வெள்ளம் 12 உயிர்களைப் பறித்தது. உள்ளாட்சி உடனே பக்கத்து மேட்டில் சுமார் 935 ஏக்கர் வாங்கி, உன் மனையைக் கொடு, மேட்டில் மனை எடுத்துக்கொள் என்று விருப்பமுள்ளவர்களிடம் மாற்றிக்கொண்டது. அதே வருட டிசம்பரில் முதல் குடும்பங்கள் குடிபோய்விட்டன. பக்கத்துவீட்டுக்காரர்கள் பக்கத்துவீட்டுக்காரர்களாகவே இருக்க முடிந்தது. இதற்கு நேர்மாறாக ஆர் பள்ளத்தாக்கில் பெரும்பாலானோர் பழைய இடத்திலேயே திரும்பக் கட்டினார்கள். மறுகட்டுமானம் தடுக்கப்பட்ட வீடுகள் ஒரு சிறு எண்ணிக்கைதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேறு காயும் முன் போக இடம் காட்டாவிட்டால் யாரும் பழைய சுவரைத்தான் கழுவுவார்கள்.

அமெரிக்காவின் டல்சா நகரம் 1984 மே வெள்ளத்தில் 14 பேரை இழந்தது. அதற்கு முன்பே 1974-லும் 1976-லும் அடி வாங்கியிருந்ததால், எந்த வீடுகளை வாங்கி இடிக்க வேண்டும் என்ற யோசனை நகரத்தில் ஏற்கனவே ஊறிக்கிடந்தது. சேற்றோடு சேற்றாகவே சுமார் 300 வீடுகளை வாங்கும் வேலையில் இறங்கிவிட்டார்கள். திட்டம் வெள்ளத்துக்கு முன்பே அலமாரியில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நான் எப்படி முடிவெடுக்கிறேன்

மனை ஓடும் தண்ணீரில் இருந்தால் மறுப்பு. கூடவே மாற்று உரிமை தர முயற்சி. நிற்கும் தண்ணீரில், ஆழம் குறைவாக, வெளியேற மேடான சாலை இருந்தால் நிபந்தனை. கரை என்ற பேச்சு, ஏற்கனவே உள்ள ஊருக்கு மட்டும்.

பெரும்பாலான மனைகள் இப்படி ஒழுங்காக ஒரு வகைக்குள் அடங்காது. ஆற்றுப்பக்கப் பாதி ஓடுபாதையில், சாலைப்பக்கப் பாதி தங்குமிடத்தில் என்றுதான் வரும். அப்போது மனையை இரண்டாகப் பார்த்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆற்றுப்பக்கப் பாதியைத் திறந்தவெளியாக எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குரிய தளப்பரப்பைச் சாலைப்பக்கப் பாதியில் கூடுதல் தளமாகக் கொடுத்துவிடலாம். விண்ணப்பதாரருக்கு நஷ்டமில்லை, மேல் மாடியிலிருந்து ஆறு இன்னும் நன்றாகவே தெரியும். அவரது குறுக்குவெட்டுப் படம் எதிர்க்கரை வரை வர வேண்டும். அதில் தரை, சாலை, வெள்ளம் மூன்றும் கடல் மட்டக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். இது இல்லாத கோப்பை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். திட்டுவார்கள், இரண்டு வாரத்தில் கொண்டுவந்துவிடுவார்கள்.

ஓடுபாதையின் எல்லைக் கோட்டை முதலில் போட்டு, விண்ணப்பத்தைப் பிறகு பார்ப்பது முக்கியம். ஒவ்வொரு மனையையும் அதனதன் தகுதியில் பார்க்கலாம் என்பது கேட்க நியாயமாக இருக்கும். இரண்டாவது வருடமே 'பக்கத்து மனைக்குக் கொடுத்தீர்களே' என்று வந்து நிற்பார்கள், அதற்குப் பதில் இருக்காது. முதல் அனுமதியில் உண்மையில் அனுமதிக்கப்படுவது அந்த ஆற்றங்கரை முழுவதும்தான்.

நிபந்தனைகளில் எனக்கு இன்னும் தீராத ஒன்று, ஐந்து வருடம் கழித்து அதைப் போய்ப் பார்ப்பது யார் என்பது. உத்தரவில் ஒரு பதவியைக் குறிப்பிட்டு, எந்த மாதம் பார்க்க வேண்டும் என்று எழுதச் சொல்லிக் கேட்டுவருகிறேன். எங்களிடம் இதுவரை அப்படி ஒரு பதவி இல்லை. அது வரும்வரை, ஆற்றை ஒட்டி ஸ்டில்ட் போட்டுக் கட்ட அனுமதி கேட்டு வருகிறவர்களுக்கு என் ஓட்டு எதிராகத்தான் விழுகிறது.